ஊர் வழியே சைக்கிள் பந்தயம்: எங்கே நிற்பது, எப்போது போவது, எதைப் பார்ப்பது

வில்லுக்குறிப் பக்கம் ஒருமுறை நல்ல நேரான சாலையாகப் பார்த்து முன்வரிசையில் இடம் பிடித்தோம். இரண்டு மணி நேரம் காத்து நின்றோம். “வந்துவிட்டார்கள்” என்று யாரோ கத்திய நேரத்தில், என் பக்கத்தில் நின்ற பெரியவர் அவிழ்ந்த வேட்டியை மடித்துக் கட்டக் குனிந்தார். அவர் நிமிர்ந்தபோது சாலை காலியாக இருந்தது. “இதற்காகவா சாயாகூடக் குடிக்காமல் நின்றேன்?” என்று என்னிடம்தான் சண்டைக்கு வந்தார்.

அவர்மேல் தவறில்லை, நின்ற இடம்தான் தவறு. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவன் நான்.

ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐனில் வேலை பார்த்த நாட்களில் ஜெபல் ஹஃபீத் மலைச்சாலையில் நின்று தொழில்முறைப் பந்தயங்களைப் பார்த்திருக்கிறேன். ஊர் திரும்பிய பிறகு மாணவர் போட்டிகளிலும் சாலைப் போட்டிகளிலும் ஓரத்தில் கயிறு பிடித்து நிற்கும் வேலையும் செய்கிறேன். அங்கேயும் இங்கேயும் புதிதாகப் பார்க்க வருகிறவர்கள் ஏமாறுவது ஒரே காரணங்களால்தான். அதைத் தவிர்க்க, செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன். இந்த வரிசை முக்கியம். இடத்தை முடிவு செய்துவிட்டு நேரத்தை விசாரிக்கிறவர் பாதி நாள் வெயிலில் நிற்பார்.

1. வருவது பந்தயமா என்று முதலில் விசாரியுங்கள்

இந்தியப் பெருநிலப்பரப்பின் தென்முனை நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருப்பதால் சைக்கிளில் வந்து சேர்கிறவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. ஆனால் கூட்டமாக வருவதெல்லாம் பந்தயம் ஆகிவிடாது. 2025 மார்ச் 31 அன்று மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையினரின் கடலோர சைக்கிள் பயணம் கன்னியாகுமரியில் நிறைவடைந்தது. குஜராத்தின் லக்பத்திலிருந்து ஓர் அணியும் மேற்கு வங்கத்தின் பக்காலியிலிருந்து ஓர் அணியும் கரையோரமாகவே வந்தன. அது பேரணி. பேரணியில் நின்று கை கொடுக்கலாம், மாலை போடலாம், படம் எடுத்துக்கொள்ளலாம். பந்தயத்தில் இவற்றில் ஒன்றைச் செய்தாலும் யாராவது ஒருவர் எலும்பு முறிந்து கிடப்பார்.

வடக்கேயிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிவரும் நெடுந்தூரத் தனிப் போட்டி இன்னொரு வகை. அதில் ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையே பல மணி நேரம்கூட இருக்கும். அதற்காகச் சாலையை மூட மாட்டார்கள். பின்னால் ஓர் உதவி வண்டி மட்டும் வரும். அதைப் பார்க்கச் சாலையோரச் சாயாக்கடை பெஞ்சும் பொறுமையும் போதும்.

இந்த வழிகாட்டி மூன்றாவது வகைக்கானது: நூறு, நூற்றைம்பது பேர் ஒன்றாகக் கிளம்பி, மூடிய சாலையில் போகும் கூட்டுப் பந்தயம். காவல்துறையின் போக்குவரத்து மாற்ற அறிவிப்பு வந்திருந்தால் இந்த வகை என்று பெரும்பாலும் முடிவு செய்துகொள்ளலாம்.

2. இடத்துக்கு முன்னால் நேரத்தைக் கணக்கிடுங்கள்

தொழில்முறைப் பந்தயங்களின் கால அட்டவணையில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நேரத்துக்குப் பதிலாக இரண்டு, மூன்று நேரங்கள் போட்டிருப்பார்கள். வேகமாக வந்தால் இப்போது, மெதுவாக வந்தால் அப்போது என்று பொருள். புதியவர்கள் நடுவில் உள்ளதை மட்டும் குறித்துக்கொண்டு வருகிறார்கள். காற்று பின்னாலிருந்து தள்ளும் நாளில் இவர்கள் வந்து சேரும்போது கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருப்போம்.

அட்டவணை கிடைக்காவிட்டால் நீங்களே போட்டுக்கொள்ளலாம். தொடக்கத்திலிருந்து உங்கள் இடம் எத்தனை கிலோமீட்டர் என்று பாருங்கள். மணிக்கு 46 கிலோமீட்டர் என்று ஒரு கணக்கு, 40 என்று ஒரு கணக்கு. கன்னியாகுமரியில் தொடங்கி நாகர்கோவில் வரை சுமார் 20 கிலோமீட்டர் என்றால் வேகக் கணக்கில் 26 நிமிடம், மெதுக் கணக்கில் 30. வித்தியாசம் ஒரு சாயா நேரம்தான். அதே கூட்டம் மாவட்டத்தைச் சுற்றிவிட்டு 120 கிலோமீட்டரில் உங்கள் ஊருக்கு வருகிறது என்றால் ஒன்று 2 மணி 37 நிமிடம், இன்னொன்று 3 மணி நேரம். தொடக்கத்துக்கு அருகே இருப்பவர் கடிகாரத்தை நம்பலாம். தொலைவில் இருப்பவர் வேகக் கணக்கை மட்டுமே நம்ப வேண்டும்.

கொடியசைத்தவுடன் பந்தயம் தொடங்கிவிடுவதில்லை என்பதையும் கணக்கில் சேருங்கள். ஊருக்குள் சில கிலோமீட்டர் பந்தய இயக்குநரின் காருக்குப் பின்னால் அமைதியாக ஓட்டிவந்து, ஊர் எல்லை தாண்டியதும்தான் உண்மையான தொடக்கம். நெரிசலான தெருவில் எடுத்த எடுப்பிலேயே முட்டிக்கொள்ளாமல் இருக்க இந்த ஏற்பாடு.

3. இடத்தைத் தேர்ந்தெடுப்பது: பாதி வேலை இதுதான்

மணிக்கு 45 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு பன்னிரண்டரை மீட்டர். கூட்டத்தின் நீளம் 150 மீட்டர் என்று வையுங்கள். உங்களைக் கடந்து போக 12 நொடி. வில்லுக்குறிப் பெரியவருக்கு நடந்தது இந்தக் கணக்குதான்.

அதே ஆட்கள் ஏற்றத்தில் மணிக்கு 18 கிலோமீட்டரில் வந்தால் நொடிக்கு 5 மீட்டர். வேகம் குறைவது மட்டுமல்ல, கூட்டமே உடைகிறது. சமதளத்தில் முன்னால் போகிறவர் காற்றைக் கிழிக்க, பின்னால் ஒட்டிவருகிறவருக்கு உழைப்பில் மூன்றில் ஒரு பங்குவரை மிச்சமாகும். அதனால்தான் எல்லோரும் தேனீக்கூட்டம்போல ஒட்டிக்கொண்டு போகிறார்கள். ஏற்றத்தில் வேகம் குறையும்போது அந்தச் சலுகையும் குறைகிறது. வலுவுள்ளவர் பிரிந்து போவார், இல்லாதவர் பின்தங்குவார். ஜெபல் ஹஃபீத் ஏற்றம் ஏறத்தாழ 11 கிலோமீட்டர். அதன் மேல்பகுதியில் நின்றபோது முதல் ஆள் போய்ப் பல நிமிடம் கழிந்தும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு முகத்தையும் பார்க்கலாம், மூச்சிரைப்பைக் கேட்கலாம்.

நம் மாவட்டத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். அகஸ்தீசுவரம், தோவாளைப் பக்கத்து வயல்வெளிச் சாலைகள் பெரும்பாலும் சமதளம். அங்கே 12 நொடிதான். கல்குளம், விளவங்கோடு பக்கம் போனால் சாலை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையே பைக்கில் போகும்போது எந்த இடத்தில் கியர் குறைக்கிறீர்களோ அந்த இடம் நல்ல இடம். குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்குப் போகும் ரப்பர்த் தோட்டச் சாலையும் பார்ப்பதற்கு ஏற்றது, நிழலும் உண்டு. ஏற்றத்தின் அடிவாரத்தில் நிற்காதீர்கள், அங்கே கூட்டம் இன்னும் முழுசாகத்தான் இருக்கும். உச்சிக்கு ஐம்பது, நூறு மீட்டர் முன்னால் நில்லுங்கள். பிளவு கண்ணுக்குத் தெரிவது அங்கேதான்.

காற்றும் ஏற்றம் செய்யும் வேலையைச் செய்யும். ஆரல்வாய்மொழிக் கணவாயையும் முப்பந்தல் காற்றாலைகளையும் தெரியாதவர் இங்கே யார்? தென்மேற்குப் பருவத்தில் கிழக்கே காவல்கிணறு நோக்கிப் போகிறவர்களைக் காற்று முதுகில் தள்ளும். அங்கிருந்து கன்னியாகுமரிக்கு இறங்கத் தெற்கே திரும்பியதும் அதே காற்று விலாவில் அடிக்கும். அப்போது ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக நிற்காமல், காற்றுக்கு மறைவு தேடிச் சாலையின் குறுக்கே சாய்கோடாக விரிவார்கள். சாலை அகலம் முடிந்ததும் அந்தச் சாய்கோட்டில் இடம் கிடைக்காதவர் காற்றில் மாட்டிக்கொண்டு உதிர்ந்துபோவார். மலையே இல்லாமல் ஒரு கூட்டம் நான்காக உடைவதை அங்கே பார்க்கலாம். கண்ணில் மண் விழும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

வளைவுகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இறக்கம் முடியும் வளைவின் வெளிப்பக்கத்தில் நிற்கவே கூடாது. பிடி நழுவுகிற சைக்கிள் நேராக வெளிப்பக்கம்தான் வந்து மோதும். படம் நன்றாக வரும் என்று இளைஞர்கள் அங்கேதான் போய் நிற்கிறார்கள். வளைவில் நிற்க ஆசை என்றால் உட்பக்கம், சாலையிலிருந்து தள்ளி, திண்ணை உயரமான இடமாகப் பாருங்கள்.

முடிவுக் கோட்டுக்குப் போகாதீர்கள் என்பது என் சொந்தக் கருத்து. தடுப்பு, பந்தல், முக்கியப் பிரமுகர்கள், அவர்களுடைய பாதுகாவலர்கள். இவற்றுக்கு நடுவே நமக்குத் தெரிவது முன்னால் நிற்பவரின் பிடரி.

4. முந்தின நாள் மாலை ஒரு நடை

தேர்ந்தெடுத்த இடத்துக்கு முந்தின நாள் நேரில் போய் வாருங்கள். வரைபடத்தில் தெரியாதவை நான்கு உண்டு: காலையில் வெயில் எந்தப் பக்கம், சாலையில் மணலும் குழியும் எங்கே, தெருநாய்கள் எத்தனை, மறுநாள் அந்தத் தெருவில் கல்யாணமோ வேறு விசேஷமோ உண்டா.

வெயில் முதுகுப்பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். ஏழு மணி வெயில் எதிரே அடித்தால் சட்டை நிறம்கூடத் தெரியாது.

நாய் விஷயத்தைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சங்கிலிச் சத்தமும் கூட்டத்தின் இரைச்சலும் கேட்டால் நாய் ஓரமாகப் போகாது, குறுக்கே பாயும். உங்கள் தெரு நாய்க்குச் சோறு போடுகிறவர் யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அரை மணி நேரம் அதைக் கட்டிவைக்கச் சொல்லுங்கள். கோழியும் அப்படியே. தை, மாசியில் ரப்பர் இலை உதிர்ந்து சாலையை மூடியிருக்கும். அதன்மேல் இரவுப் பனியோ தூறலோ விழுந்தால் மெல்லிய டயர் வழுக்கிவிடும். வளைவில் அப்படிக் கிடந்தால் அமைப்பாளரிடம் சொல்லுங்கள், அல்லது துடைப்பம் எடுத்து நீங்களே பெருக்கிவிடுங்கள். நான் பெருக்கியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம் என்றால் ஆலயத் திருப்பலி நேரத்தைக் கட்டாயம் விசாரியுங்கள். சாலையின் இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் ஆலயம் என்று இருக்கிற ஊர்கள் இங்கே ஏராளம். மூடிய சாலையைக் குடையோடு கடக்க வரும் பாட்டியை நிறுத்திவைப்பது எவ்வளவு கடினம் என்று கயிறு பிடித்து நின்றவனுக்குத்தான் தெரியும்.

5. கையில் எடுத்துக்கொள்ள வேண்டியவை

தண்ணீர், தொப்பி, கடித்துப் பசியாற ஏதாவது. சாலை மூடியபின் கடைக்குக் குறுக்கே போக முடியாது என்பதால்தான் இதைச் சொல்கிறேன். ஒரு சீப்பு மட்டிப்பழம் போதும், பிள்ளைகளும் அழ மாட்டார்கள். பங்கேற்பாளர் பட்டியல் கிடைத்தால் அதன் நகல். குடை வேண்டாம், மழைக்கோட்டு எடுங்கள். விரித்த குடை காற்றில் திரும்பினால் சாலைக்குள் போகும்.

வண்டியை எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதையும் யோசியுங்கள். பந்தயச் சாலையைக் கடக்காமல் வீடு திரும்பும் பக்கத்தில், ஓர் இடவழியில் நிறுத்துங்கள். மருத்துவமனைக்குப் போகும் வழியை அடைக்காதீர்கள்.

6. போய்ச் சேர்ந்தபின்: எதற்குப் பின் எது வரும்

வேகக் கணக்கில் போட்ட நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் இடத்தில் இருங்கள். சாலையைப் பந்தயத்துக்கு வெகு முன்பே மூடிவிடுவார்கள்.

முதலில் காவல்துறை மோட்டார் சைக்கிள்கள் வரும். உடனே எழுந்து முன்னால் ஓடாதீர்கள், அவை சாலை காலியா என்று பார்க்க வருகின்றன. அடுத்து ஒலிபெருக்கி வண்டி. அதன்பின் சிவப்புக் கொடி கட்டிய கார். பெரிய பந்தயங்களில் இந்தக் கொடிக்கும் கடைசியில் வரும் பச்சைக் கொடிக்கும் நடுவே உள்ளதுதான் பந்தயம். சிவப்புக் கொடி தாண்டியபின் கால் சாலையில் படக்கூடாது.

கூட்டத்துக்கு முன்னால் இரண்டு, மூன்று பேர் தனியாக வந்தால் அவர்கள்தான் வெல்லப்போகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பிரிந்து வந்தவர்கள் அவர்கள். முதல் ஆள் உங்களைக் கடக்கும்போது கைக்கடிகாரத்தைப் பாருங்கள், கூட்டத்தின் முதல் ஆள் கடக்கும்போது மறுபடி பாருங்கள். அந்த இடைவெளியே பந்தயத்தின் நிலைமை. சமதளத்தில் கூட்டம் மனம் வைத்தால் பத்து கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கில் பிடித்துவிடும் என்பது பந்தயக்காரர்களின் பழைய கைக்கணக்கு. இடைவெளி மூன்று நிமிடம், இன்னும் 20 கிலோமீட்டர்தான் பாக்கி என்றால் தப்பிவிடுவார்கள். 50 பாக்கி என்றால் பாவம். மோட்டார் சைக்கிளில் ஒருவர் இந்த இடைவெளியைப் பலகையில் எழுதி அவர்களுக்குக் காட்டிக்கொண்டே வருவதையும் சில பந்தயங்களில் பார்க்கலாம்.

கூட்டத்தில் எல்லோரையும் பார்க்க முயன்றால் ஒருவரையும் பார்க்க மாட்டீர்கள். ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். பல நாள் பந்தயமானால், மொத்த நேரத்தில் முன்னிலையில் இருப்பவரின் தனி நிறச் சட்டை எளிது: பிரான்சுப் பந்தயத்தில் (டூர் டி பிரான்ஸ்) மஞ்சள், இத்தாலியில் இளஞ்சிவப்பு, ஐக்கிய அரபு அமீரகத்தில் சிவப்பு. முதுகு எண்களும் உதவும். ஒன்று முதல் தொடங்குவது பெரும்பாலும் சென்ற ஆண்டு வென்றவரின் அணி. அடுத்த அணி 11 முதல், அதற்கடுத்தது 21 முதல். எண்ணின் கடைசி இலக்கத்தை விட்டுவிட்டு அதற்கு முன்னால் உள்ளதைப் பிடித்தாலே அணி தெரிந்துவிடும்.

பின்னால் அணிகளின் கார்கள் வரிசையாக வரும். இதைப் பார்க்காமல் திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். எனக்குப் பிடித்ததே இதுதான். கார் ஜன்னலைப் பிடிக்காத குறையாக ஒட்டி ஓட்டிவந்து, தண்ணீர்ப் புட்டிகளை ஒவ்வொன்றாக வாங்கிச் சட்டைக்குள் முன்னும் பின்னும் செருகிக்கொண்டு ஒருவன் கிளம்புவான். ஏழெட்டுப் புட்டிகளோடு, அண்டி (முந்திரிக்கொட்டை) மூட்டை சுமப்பவன்போல வீங்கிய உடம்போடு, கூட்டத்தை எட்டிப்பிடித்து அணிக்காரர்களுக்குக் கொடுப்பான். பரிசு மேடையில் அவனை ஒருநாளும் பார்க்க முடியாது.

7. கடக்கும் நேரத்தில் செய்யக் கூடாதவை

செல்பேசித் திரை வழியாகப் பார்க்காதீர்கள். அகலக் கோணத்தில் எல்லாம் உள்ளதைவிடத் தொலைவில் தெரியும். இன்னும் தூரம் இருக்கிறது என்று எட்டிப்பார்க்கும்போது கைப்பிடி உங்கள் முழங்கையில் இருக்கும். 1999இல் பிரான்சுப் பந்தயத்தின் ஆல்ப் டூயெஸ் மலையில், தனியாக முன்னால் போன ஜுசெப்பே குவெரினியைப் படம் எடுக்க நடுச்சாலைக்கு வந்த ரசிகர் மோதி வீழ்த்தினார். குவெரினி எழுந்து போய் வென்றார் என்பதால் அந்த ரசிகர் தப்பினார்.

பந்தயத்துக்கு முதுகு காட்டாதீர்கள். 2021இல் அதே பந்தயத்தின் முதல் நாள், தொலைக்காட்சிக் கேமராவைப் பார்த்து அட்டை பிடித்து நின்ற ஒரு பார்வையாளர் பின்னால் கூட்டம் வருவதைக் கவனிக்கவில்லை. டோனி மார்ட்டின் அந்த அட்டையில் மோதி விழ, பின்னால் வந்தவர்கள் சாலை முழுக்கக் குவியலாக விழுந்தார்கள். அட்டை சாலைக்குள் நீண்டிருந்தது கொஞ்சம்தான்.

நம் ஊருக்கே உரிய பிழை இன்னொன்று உண்டு: உபசாரம். அண்ணா பிறந்த நாளையொட்டி நடக்கும் மாணவர் மிதிவண்டிப் போட்டி ஒன்றில், வியர்த்து வரும் பிள்ளைகளைப் பார்த்து மனம் பொறுக்காத ஒரு பாட்டி செம்பில் அக்கானியோடு (பதநீர்) சாலையில் இறங்கிவிட்டார். “குடித்துவிட்டுப் போ மக்களே” என்று நீட்டிய செம்பை ஒரு பையன் தவிர்க்க, பின்னால் வந்தவன் அவன் சக்கரத்தில் இடிக்க, அக்கானி பாதி சாலையிலும் பாதி என் வேட்டியிலும். கியர் இல்லாத சாதாரண சைக்கிள் என்பதால் சிராய்ப்போடு போயிற்று. தொழில்முறைப் பந்தயத்தில் வேகம் அதைவிட மிக அதிகம். தண்ணீர் கொடுக்க அவர்களுக்கென்று ஆட்கள் இருக்கிறார்கள், அதற்கென்று குறித்த இடமும் இருக்கிறது. ஏற்றத்தில் தள்ளிவிடவும் கூடாது. தண்டனை வந்தால் அது தள்ளிய உங்களுக்கல்ல, ஓட்டுகிறவருக்கு.

பட்டாசு வேண்டாம். கைதட்டலும் கூச்சலும் எவ்வளவு வேண்டுமானாலும் சரி.

8. கூட்டம் போனபின்

பச்சைக் கொடி வரும்வரை அசையாதீர்கள். கூட்டம் போனதும் “முடிந்தது” என்று ஒருவர் சாலையைக் கடக்க, பின்னால் பத்துப் பேர் கடக்க, அணிக்கார் ஒன்று வளைவில் திரும்புவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பஞ்சராகி நின்றவர், விழுந்து எழுந்தவர், காலில் பிடிப்பு வந்தவர் எல்லாரும் இனிமேல்தான் வருவார்கள், அதுவும் கார்களுக்கு நடுவே முழு வேகத்தில்.

வேறொரு இடத்துக்குக் குறுக்குவழியில் ஓடி இரண்டாம் முறை பார்க்கலாம் என்று திட்டம் போடுவார்கள். இடவழியில் நுழைந்து பைக்கில் பறந்தாலும் மூடிய சாலையின் மறுபக்கம் போய்ச் சேர்வது அரிது. ஒரே வட்டத்தைப் பலமுறை சுற்றும் பந்தயமாக இருந்தால் மட்டும் இதற்கு முயலுங்கள். அப்போது நகரவே வேண்டாம், ஒவ்வொரு சுற்றிலும் கடிகாரத்தைப் பார்த்தால் போதும்.

சென்ற முறை தங்கை மகனைக் கூட்டிக்கொண்டு உச்சிக்குச் சற்று முன்னால் நின்றேன். கூட்டம் போயிற்று, கார்கள் போயின, எல்லோரும் கலைந்தார்கள். பையன் மட்டும் வரமாட்டேன் என்றான். ஏழு நிமிடம் கழித்து ஒருவர் வந்தார், முழங்கை கிழிந்து, சட்டை முழுக்கச் செம்மண். அவருக்குப் பின்னாலேயே ஆம்புலன்ஸ், அதற்குப் பின்னால் பச்சைக் கொடி. சாலையில் மிச்சமிருந்தது நாங்கள் இருவரும் ஒரு கடைக்காரரும்தான். மூன்று பேரும் கைதட்டினோம். அவர் தலையைத் தூக்காமல் கைப்பிடியிலிருந்து இரண்டு விரலை மட்டும் உயர்த்திக் காட்டிவிட்டு ஏற்றத்தைத் தாண்டி மறைந்தார்.